இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கிடங்கின் வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலக் கண்டெய்னரின் கதவு. அதன் கீழ்ப்பாதியில் சாயம் கொப்புளித்து உரிந்திருந்தது. மேல்பாதியில் பெட்டியின் எண், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும், சேதமில்லாமல் இருந்தது. தரை முழுக்கத் தண்ணீர். அதில் வெள்ளைத் தூள் கரைந்து சாக்கடைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. நீச்சல் குளத்து வாடைதான், ஆனால் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு.

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரான் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிடங்கு அது. துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களை லோரி வந்து எடுத்துப் போகும்வரை அங்கே அடுக்கி வைப்பார்கள். எண்பதுகளின் கடைசி வருடங்கள். அன்று விடியற்காலை மழையில் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அதில் இருந்தது நீச்சல் குளங்களுக்குப் போடும் குளோரின் தூள். ஒட்டி நின்ற பெட்டியில் பெயிண்டில் கலக்கும் தின்னர். அதில் ஒரு பீப்பாய் கசிந்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் சூடேறும், புகையும், பிறகு தீப்பிடிக்கும். புகை வந்தபோதே பெட்டி தூக்கும் வண்டியின் ஓட்டுநர் ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டார். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கண்ணைக் கழுவி, மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சொல்வதற்காகவே கிடங்கில் ஒரு கணினி வைத்திருந்தார்கள். அதற்கு விதிகள் எழுதிய இரண்டு பேரில் நான் ஒருத்தி. என் வீடு கிள்ளானில் இருந்ததால், ஆறு மணிக்குத் தொலைபேசி எனக்கு வந்தது.

கிடங்கின் மேலாளர் ஒரு சீனர், ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். கையில் மடிப்பு மடிப்பாக நீண்ட அச்சுத்தாள் ஒன்றைப் பிடித்திருந்தார். முந்தின நாள் மாலைத் தாள் அது. ஒவ்வொரு மாலையும் கணினி இப்படி ஒரு தாளை அச்சடிக்கும். பெட்டி அடுக்கும் வெளிக்குப் பொறுப்பான எழுத்தர், யார்டு கிராணி, அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், சாலைப் பலகையில் போடுவதுபோல் மலாயில் ‘அவாஸ்’, எச்சரிக்கை, என்று இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பெட்டிகளின் எண்கள். அவ்வளவுதான்.

“உங்கள் கணினி நல்ல கணினி. அது சொல்லியிருக்கிறது, பாருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு வரியைத் தொட்டார். வரிசை எண் 212. குளோரின் பெட்டி, தின்னர் பெட்டி. கடைசிப் பக்கத்தின் அடியில் கிராணியின் கையெழுத்து. “இவர் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.”

அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எங்கள் விதி வேலை செய்திருக்கிறது, தவறு வேறொருவருடையது என்று நினைத்தேன்.

கிராணி எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், அந்த யார்டில் பதினெட்டு வருடம். காலணி நனைந்து ஊறியிருந்தது. மேலாளர் உள்ளே போனதும் அவரிடம் போனேன்.

“அண்ணே, இருநூத்திப் பன்னெண்டாவது வரி. பாக்கலியா?”

“பாக்கல மேடம்.”

“ஏன்?”

“மொத்தம் எத்தன வரின்னு பாத்தீங்களா?”

நான் பார்த்திருக்கவில்லை.

“முந்நூத்தி நாப்பது. தெனமும் இப்டித்தான். மாவு பெட்டி பக்கத்துல பிஸ்கட் பெட்டி இருந்தா அவாஸ். டயர் பக்கத்துல டயர் இருந்தா அவாஸ். காலிப் பெட்டிக்கும் காலிப் பெட்டிக்கும் அவாஸ். நான் ரெண்டு தடவ போன் போட்டு சொன்னேன்லா. நீங்கதான் எடுத்தீங்க.”

“நானா?”

“பொம்பள கொரல்தான். ‘எச்சரிக்க கூட இருந்தா நல்லதுதான அண்ணே, கொறஞ்சாதான் பிரச்சன’ன்னு சொன்னீங்க.”

சொன்னது நான்தான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லியிருந்தேன்.

அன்று பதினொரு மணிக்கு அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். கவனக்குறைவு, எச்சரிக்கையை அலட்சியம் செய்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. அடுத்த வாரம் வியாழக்கிழமை உள் விசாரணை. அதுவரை வேலைக்கு வரக் கூடாது. குற்றம் உறுதியானால் வேலை போகும். அந்த வட்டாரத்துக் கிடங்குகளில் ஒரு இடத்தில் அப்படி வெளியே போனவரை மற்ற இடத்தில் எடுக்க மாட்டார்கள். மேலாளர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

வியாழக்கிழமைக்குள் அந்த முந்நூற்று நாற்பது வரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் அலுவலகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான்கு மேசை, மூன்று கணினி. அதற்கு முன் நான் பதினொரு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் வேலை செய்தவள். துறைமுகச் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் எழுதினேன். கடைசி ஐந்து வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் மேசையில் இருந்தேன். துறைமுகம் தெரிந்த, தெளிவாக எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இந்த நிறுவனம் தேடியபோது போய்ச் சேர்ந்தேன். கணினிக்கு விதி எழுதுவது என்பது வாக்கியம் எழுதுவது மாதிரிதான் என்று முதலாளி சொன்னார். அதை நம்பியதில் தவறில்லை. ஏனென்றால் அது பார்க்க அப்படித்தான் இருந்தது. ‘எக்ஸ் என்ற பெட்டியில் குளோரின் இருந்து, ஒய் என்ற பெட்டியில் தின்னர் இருந்து, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எச்சரி’ என்பதைக் குறிகளால் எழுதி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். ஒரு முற்றுப்புள்ளி வரை ஒரு விதி.

எக்ஸ், ஒய் என்பவை எந்தப் பெட்டியின் பெயரும் இல்லை. பெட்டியின் சொந்தப் பெயர் கதவில் எழுதியிருக்கும் எண். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்த எண் அந்த ஒரு பெட்டியைத்தான் குறிக்கும். எக்ஸ் என்பது நாற்காலி மாதிரி. கணினி யார்டில் உள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாக அதில் உட்கார வைத்துப் பார்க்கும். பொருந்தினால் அச்சடிக்கும்.

விதிகளை முதலில் எழுதியவர் என் சக ஊழியர். என்னைவிடப் பத்து வயது இளையவர், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், சுபாங் ஜெயாவில் வீடு. ஒன்பது விதிகள் எழுதியிருந்தார்: குளோரினும் தின்னரும், அமிலமும் காரமும், பூச்சி மருந்தும் உணவும் என்று ஆகாத ஜோடிகள் ஒன்பது. எழுதி முடித்துவிட்டு அக்காவின் கல்யாணத்துக்காக ஒன்றரை மாத விடுப்பில் குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று என்னிடம் கொடுத்திருந்தார்.

பார்த்தேன். ஒன்பது விதியிலும் கடைசிப் பகுதி ஒன்றே: ‘இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எச்சரி.’ ஒன்பது தடவை. செய்தி திருத்தும் மேசையில் ஐந்து வருடம் உட்கார்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. அங்கே எங்களுக்கு இருந்த முதல் வேலையே சொன்னதைத் திரும்பச் சொல்லும் இடங்களை வெட்டுவது. விபத்துச் செய்தி என்றால் முதல் பத்தியில் லோரி ஓட்டுநரின் பெயர், வயது, ஊர் எல்லாம் வரும். அதற்குப் பிறகு கடைசிவரை ‘அவர்’தான். ஒவ்வொரு பத்தியிலும் திரும்பப் பெயர், வயது, ஊர் போட்டு எழுதிக் கொண்டுவருகிற நிருபரை நாங்கள் கேலி செய்வோம்.

ஒன்பது விதியிலும் அந்த வாலை வெட்டினேன். ‘எக்ஸில் குளோரின் இருந்து, ஒய்யில் தின்னர் இருந்தால், இரண்டும் ஆகாதவை’ என்று முடித்தேன். கடைசியில் பத்தாவதாக ஒரே ஒரு விதி: ‘எக்ஸும் ஒய்யும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், எச்சரி.’ குளோரின் பெட்டியும் தின்னர் பெட்டியும் பக்கத்தில் நிற்பதாக எழுதிச் சோதித்தேன். ‘அவாஸ்’ என்று வந்தது. இடத்தைக் கணிசமாகக் குறைத்திருந்தேன். கிடங்குக்கு அனுப்பிவிட்டேன்.

இதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்த விவரங்கள்தான். ஆனால் அவற்றில் எது தவறு என்று தெரியவில்லை.

புதன்கிழமை ஆறு பெட்டிகளை மட்டும் கணினியில் வைத்து ஓட்டினேன். குளோரின், தின்னர், மாவு, பிஸ்கட், டயர் இரண்டு. எல்லாமே வரிசையாக. ஐந்து வரி வந்தது. கிராணி சொன்னது அப்படியே: மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் அவாஸ், டயருக்கும் டயருக்கும் அவாஸ்.

எக்ஸ், ஒய் என்று ஒற்றை எழுத்தில் வைத்ததால் கணினி குழம்புகிறது என்று நினைத்தேன். நாளிதழ் மேசையில் அதுவும் ஒரு விதி. படத்தின் கீழே யார் என்று தெளிவாக எழுதினால் வாசகருக்குக் குழப்பம் வராது. அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் எழுத்து இல்லை. மலாயில் பெட்டிக்கு ‘பெத்தி’. எக்ஸ் இருந்த இடங்களில் எல்லாம் ‘பெத்தி கிளோரின்’ என்றும் ஒய் இருந்த இடங்களில் ‘பெத்தி தின்னர்’ என்றும் மாற்றினேன். ஓட்டினேன். ஐந்து வரி. பெத்தி கிளோரின் என்ற இடத்தில் கணினி மாவுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பெயர்களை இன்னும் நீளமாக்கிக்கொண்டே போனேன். ஐந்து வரி ஐந்து வரியாகவே இருந்தது.

முதலாளி வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து நின்றார். நல்ல மனிதர். எனக்கு அந்த வேலையைக் கொடுத்தவர்.

“இன்னும் அதையேவா கிண்டிக்கிட்டு இருக்கீங்க?”

“தப்பு நம்ம பக்கம் இருக்கு பாஸ்.”

“கம்ப்யூட்டர் அவாஸ்னு சொல்லிச்சா இல்லியா?”

“சொல்லிச்சு.”

“அப்புறம் என்ன? இன்னும் ரெண்டு டெப்போக்காரன் இதே சாமான நம்மகிட்ட கேட்டுருக்கான். நாமளே போயி எங்க சாமான் சரியில்லன்னு சொல்லணுமா?”

“அந்த மனுசனுக்கு வேல போயிரும்.”

“போகாது லா. ஒரு வார்னிங் குடுப்பாங்க.”

“போச்சுன்னா?”

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். “விசாரணைக்கு நீங்க போறதுன்னா லீவு போட்டுட்டுப் போங்க. கம்பெனி ஆளா போகாதீங்க” என்றார்.

அன்றே வியாழக்கிழமைக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பண்டமாரானில் கிராணியின் வீட்டுக்குப் போனேன். பலகை வீடு, முன்பக்கம் மட்டும் கல் கட்டடமாக மாற்றியிருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது.

“நீங்கதானா அந்தக் கம்ப்யூட்டர் அக்கா? வாங்க. ஒங்க கம்ப்யூட்டர் வந்த நாள்லேர்ந்து இவரு தூக்கத்துலகூட அவாஸ் அவாஸ்னுதான் பொலம்புறாரு. நான் பொரண்டு படுத்தாலே அவாஸ்.”

“ஏய், சும்மா இரு” என்றார் கிராணி உள்ளேயிருந்து.

“சும்மாதான் இருக்கேன். நீங்கதான் இப்ப வேல இல்லாம சும்மா இருக்கீங்க.”

தேநீர் வந்தது. விதி எழுதியதில் என்னவோ தவறு, அதை நான்தான் செய்தேன், என்னவென்று இன்னும் பிடிபடவில்லை என்று சொன்னேன். பழைய தாள்கள் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். அச்சுத்தாள் இரட்டைத் தாள். மேல் தாள் அலுவலகத்துக்கு, கீழ்த் தாள் கிராணிக்கு. கிராணி எழுந்துபோய்ப் பால் டின் வரும் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். நான்கு வாரத் தாளும் தேதி வாரியாக இருந்தன.

முதல் நாள் தாளில் எல்லா வரிக்கும் சிவப்பு மையில் சரிக்குறி போட்டிருந்தது. சரிக்குறிக்குப் பக்கத்தில் பொருளின் பெயரும் எழுதியிருந்தது: மாவு, பிஸ்கட். டயர், டயர். பால் மாவு, சைக்கிள். ஒவ்வொரு வரிக்கும் யார்டுக்குள் நடந்துபோய் இரண்டு கதவையும் பார்த்து, அலுவலகத்துக்கு வந்து சரக்குப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார்.

“முந்நூறு வரிக்குமா அண்ணே?”

“மொத நாளு முடியறப்ப மணி ஒம்பதரை. வேல முடியற நேரம் அஞ்சு.”

“ஆறு நாளும் அப்டித்தான்” என்றார் மனைவி. “சோறு ஆறிப் போயி நானும் தூங்கிட்டேன்.”

இரண்டாவது வாரத் தாள்களில் பொருள் பெயர் இல்லை, சரிக்குறி மட்டும். அந்த வாரம்தான் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். தேதியையும் நேரத்தையும் ஓரத்தில் குறித்திருந்தார். மூன்றாவது வாரம் பக்கத்துக்கு ஒரு சரிக்குறி. நான்காவது வாரம் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும். இத்தனை நாளில் எத்தனை வரி உண்மையான ஆபத்து என்று கேட்டேன்.

“ஒன்னுகூட இல்ல. திங்கக்கெழம வந்ததுதான் மொத தடவ.”

அட்டைப்பெட்டியைக் கேட்டேன். அவர் யோசித்தார். அதிகாரப்பூர்வமாக அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக் கூடாது. மனைவி பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் குடுக்கணும். இவருக்கிட்ட இருக்கற சாட்சி இதுதான்.”

திங்கட்கிழமை என் சக ஊழியர் விடுப்பு முடிந்து வந்தார். கையில் லண்டன் சாக்லேட். நான் சாக்லேட்டை வாங்கி வைத்துவிட்டு, திரையைக் காட்டினேன். பத்தாவது விதிவரை வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, பேப்பர்ல வெட்டற மாதிரி வெட்டிட்டீங்களா?”

“ஒன்பது தடவ ஒரே வாக்கியம் எழுதியிருந்தீங்க.”

“ஒன்பது தடவ தேவப்பட்டுச்சு. அதான் எழுதுனேன்.”

“முதல் விதியிலயே எக்ஸ்னா குளோரின் பெட்டின்னு சொல்லியாச்சே. பத்தாவதுல திரும்ப சொல்லணுமா?”

“எந்த எக்ஸ்? மொத விதியில இருந்த எக்ஸ் மொத விதியோட செத்துப்போச்சு. புல்ஸ்டாப் வச்சீங்கல்ல? அங்கயே காரியம் முடிஞ்சது. பத்தாவதுல இருக்கறது வேற எக்ஸ். அதுக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. பக்கத்துல யாரு நின்னாலும் வந்து ஒக்காந்துக்கும்.”

“ரெண்டும் ஒரே எழுத்து.”

“எழுத்து நம்ம வசதிக்கு அக்கா. பெத்தி கிளோரின்னு எழுதுனீங்களே, அது என்ன, அதுக்கு மலாய் தெரியுமா? எங்க மாமி பேர வச்சாலும் மாவு மூட்டையத்தான் கூட்டிட்டு வரும்.”

சிரிப்பு வரவில்லை, ஆனால் புரிந்தது. நான் பதினொரு வருடம் முற்றுப்புள்ளிக்குப் பிறகு ‘அவர்’ என்று எழுதினேன். வாசகர் ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பி முதல் பத்தியில் இருந்த ஆளைப் பார்த்துக்கொண்டார். இந்த வாசகர் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சோதித்தபோது சரியாக வந்ததற்குக் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. குளோரினையும் தின்னரையும் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். எந்த இரண்டைப் பக்கத்தில் வைத்திருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

திருத்தம் ஒரே ஒரு நிபந்தனை. பத்தாவது விதியில், ‘எக்ஸும் ஒய்யும் ஆகாதவையாக இருந்து’ என்பதை முன்னால் சேர்த்தார். அதே முற்றுப்புள்ளிக்குள். ஆறு பெட்டியையும் ஓட்டினோம். ஒரு வரி வந்தது.

பல வருடம் கழித்து, இணையப் பக்கங்களில் உள்ள தகவல்களைக் கணினிகள் தாமே பொருள் கொண்டு சேர்த்துப் பார்ப்பதற்கு விதிமொழிகள் வந்தன. வேலைக்காக அவற்றின் விளக்கக் குறிப்புகளைப் படித்தேன். அங்கே ஒரு பொருளின் சொந்தப் பெயர் முழு இணைய முகவரியாக இருக்கும். கண்டெய்னர் எண் மாதிரி, எந்தப் பக்கத்தில் வந்தாலும் அது ஒன்றையே குறிக்கும். எக்ஸ் போன்ற நாற்காலிப் பெயர்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டார்கள். சில மொழிகளில் விதியின் தலையிலேயே ‘எல்லா எக்ஸுக்கும், எல்லா ஒய்க்கும்’ என்று சொல்லி, ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, விதி முடிந்ததும் மூட வேண்டும். வெவ்வேறு ஊர்க்காரர்கள் எழுதிய விதிகளை ஒரே கோப்பில் சேர்த்தாலும் ஒருவருடைய எக்ஸ் இன்னொருவருடைய எக்ஸோடு ஒட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. கூட்டங்களில் இளைஞர்கள் பெயர் எப்படி வைப்பது என்று மணிக்கணக்காக விவாதித்தார்கள். நான் எந்த விதியைக் கொடுத்தாலும் முதலில் அடைப்பு எங்கே மூடுகிறது என்று பார்த்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை விசாரணை பத்து மணிக்கு, கிடங்கின் மாடியில். மேலாளர் தலைமை. பணியாளர் பிரிவிலிருந்து ஒரு மலாய் அதிகாரி குறிப்பெடுத்தார். கிராணி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் தரப்புச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். எக்ஸ், ஒய், முற்றுப்புள்ளி எதையும் பேசுவதில்லை என்று வரும் வழியில் பேருந்திலேயே முடிவு செய்திருந்தேன். மேலாளர் கையில் இருந்த அந்தத் திங்கட்கிழமைத் தாளில் ஏதாவது ஒரு வரியைத் தொடச் சொன்னேன்.

தொட்டார். சரக்குப் பட்டியலைத் திறந்து அந்த இரண்டு எண்களைப் பார்த்தோம். சோப்பு, பிளாஸ்டிக் நாற்காலி.

“இதில் என்ன ஆபத்து?” என்று மேலாளர் மலாயில் கேட்டார்.

“இல்லை. இன்னொரு வரி தொடுங்கள்.”

பிஸ்கட், பிஸ்கட். மூன்றாவது, காலிப் பெட்டியும் காலிப் பெட்டியும். ஏழு வரி தொட்டபிறகு நிறுத்திக்கொண்டார்.

“ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு உண்மை” என்றார்.

“உண்மை. பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் சொன்னதால் அதையும் சொன்னது. ஆபத்து என்று தெரிந்து சொல்லவில்லை.”

அட்டைப்பெட்டியைத் திறந்து நான்கு வாரத் தாளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். கிராணி தரையைப் பார்த்தார். தாளை வீட்டுக்குக் கொண்டுபோனது பற்றி மலாய் அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தார். மேலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். முதல் வாரத்தின் சிவப்புக் குறிகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பேனாவை எடுத்தார், மூடினார். இரண்டாவது வாரத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும் குறித்திருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

“கணினி அலுவலகத்துக்குப் போன் செய்த நேரம்” என்றார் கிராணி.

“யார் எடுத்தது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஒரு பெண்” என்றார்.

“நான்தான் எடுத்தேன்” என்றேன். “எச்சரிக்கை அதிகமாக இருப்பது நல்லது என்று சொன்னேன். விதியைச் சுருக்கியதும் நான்தான்.”

திருத்திய விதிகளை வைத்து அதே திங்கட்கிழமைப் பெட்டிகளை ஓட்டிய தாளைக் கடைசியாகக் கொடுத்தேன். அதில் ஒரு வரி இருந்தது. மேலாளர் இடது கையில் முந்நூற்று நாற்பது வரியையும் வலது கையில் ஒரு வரியையும் வைத்துப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதினேன். பெயர், அடையாளக் கார்டு எண், என்ன செய்தேன், எந்தத் தேதியில். திருத்தும் மேசை இருந்திருந்தால் ஒரு சொல்லையும் வெட்ட இடமிருந்திருக்காது.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கிராணி இறங்கி வந்தார்.

“நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க” என்றார். “பழைய ஷிப்டுக்கே.”

“லெட்டர்?”

“வாபஸ்.” சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். “ஒங்களுக்கு ஒன்னும் ஆவாதே மேடம்?”

“தெரியல அண்ணே.”

“பெட்டிய மறந்துட்டுப் போயிராதீங்க. வீட்டுல கேப்பா.”

அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கிடங்கின் வேலையைச் சக ஊழியர் பார்த்துக்கொண்டார். என்னை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டியைப் பண்டமாரானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மனைவி கிடங்கிலிருந்து வந்திருந்த கடிதத்தைக் காட்டினார். குற்றச்சாட்டுகள் இரண்டும் நீக்கப்பட்டன என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தியில், கிராணி வேலைக்கு வராத எட்டு நாளும் அவருடைய ஆண்டு விடுமுறையிலிருந்து கழிக்கப்பட்டிருந்தன.